சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவுல மாத்துன சாஃப்ட்வேர்

பொய் சொல்றவங்க மேல எனக்குக் கோவமே கிடையாது. எங்க ஹாஸ்டல் வார்டன் "இன்னைக்குக் குருமாவுல காய் போட்டுருக்கு"ன்னு சொல்வாங்க, நானும் சிரிச்சுக்கிட்டே தட்டை நீட்டுவேன். ஆனா ஒரு பொய்யை நம்பி, ஒழுங்கா ஓடிக்கிட்டு இருக்கிற ஒண்ணைப் பிடுங்கி எறியச் சொன்னா அப்புறம் என் வாய் நிக்காது. போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்க காலேஜ் கேன்டீன்ல வெயிலுமுத்து அண்ணன் சொன்னதை அப்படியே சொல்றேன். ஒரு சொல் கூட்டலை. கூட்டுறதுக்கு அவர் இடம் வைக்கலை.

மொதல்ல நாங்க யாருன்னு சொல்லிடுறேன். சாத்தூர் பக்கம் பொட்டக்காட்டுக்கு நடுவுல ஒரு இன்ஜினியரிங் காலேஜ். கம்ப்யூட்டர் சயின்ஸ், ஃபைனல் இயர். ப்ராஜெக்ட் டீம்ல மூணே பேர். நான் காளீஸ்வரி. அடுத்து பிரிட்டோ, புதுசா எது வந்தாலும் மறுநாளே அதுக்குள்ள குடியிருப்பான். அப்புறம் சங்கிலி. சங்கிலி பேசவே மாட்டான். வருசத்துக்கு நாலு வாக்கியம், அதுலயும் ரெண்டு வைவா தேர்வுக்குப் போயிரும்.

எங்க ப்ராஜெக்ட் பேரு 'பஸ் எங்க'. காலேஜுக்குப் பதினாலு பஸ். டிரைவர் ஒவ்வொரு ஸ்டாப்புலயும் நின்னு கெளம்பும்போது எங்க பட்டன் போனுக்கு மிஸ்டு கால் விடுவாரு. ஒரு ரிங்குன்னா கெளம்பியாச்சு. ரெண்டு ரிங்குன்னா லேட்டு. மூணு ரிங்குன்னா பஞ்சர். அந்த போனை ரப்பர் பேண்டு போட்டு இறுக்கி, ஒரு பழைய லேப்டாப்போட ஒயர்ல கோத்து விட்டுருக்கோம். ரிங் நின்ன அடுத்த நொடி, அந்த ரூட்டுப் பிள்ளைங்க எல்லாருக்கும் மெசேஜ் போயிரும். போனும் லேப்டாப்பும் சங்கிலி பொறுப்பு. வடை சாப்பிடும்போது கூட மடில வச்சுக்கிட்டுத்தான் சாப்பிடுவான்.

இதை ஏன் செஞ்சோம்னா, ஃபர்ஸ்ட் இயர்ல, ஹாஸ்டலுக்கு வர்றதுக்கு முன்னாடி, ஒருநாள் காலைல ஆறேகால்ல இருந்து ஏழரை வரைக்கும் பைபாஸ்ல எங்க ஊருக்குப் பிரியுற விலக்குல தனியா நின்னேன். பஸ் பஞ்சர். எனக்கு யாரும் சொல்லலை. ஒரு லாரி மெதுவா வந்து பக்கத்துல நின்னுச்சு. கண்ணாடி இறங்குச்சு. நான் கையில இருந்த, படம் வரையுற டிராஃப்டரை ஓங்குனேன், லாரி போயிருச்சு. அன்னைக்கு முடிவு பண்ணதுதான். இப்ப அதே விலக்குல நாலு ஃபர்ஸ்ட் இயர் பிள்ளைங்க நிக்குதுங்க.

மூணு மாசமா வெள்ளோட்டம். திங்கக்கிழமை காலைல ட்ரான்ஸ்போர்ட் ஆபீசர் கேட்டுல நின்னு பதினாலு பஸ்ஸையும் சரிபார்க்கப் போறாரு. எல்லா மெசேஜும் ஒழுங்காப் போனா, காலேஜே எடுத்து நடத்தும். ஒண்ணு தப்புனாலும் "விளையாடுனது போதும்"னு போனைப் பிடுங்கிருவாரு. வெள்ளிக்கிழமை மத்தியானம் பிரிட்டோ வந்து சொல்றான், எல்லாத்தையும் 'ஃப்ளிங்கோ'ங்கிற புது சாஃப்ட்வேருக்கு மாத்திருவோம்னு.

ஃப்ளிங்கோ பொறந்து மூணு வாரம் ஆகுது. குழந்தைன்னா இன்னும் பேரு கூட வச்சிருக்க மாட்டோம். அதுல மாத்துனா மேப்புல பஸ் நகர்றது தெரியுமாம். அதுக்கு டிரைவர் கையில ஸ்மார்ட் போன் வேணும்டான்னேன். ஏழாம் நம்பர் பஸ் சமுத்திரம் டிரைவர் போன்ல நாலாம் நம்பர் பட்டனே கிடையாது, விழுந்துருச்சு. அவருக்காகவே நாலு இல்லாத நம்பரா தேடிப் பிடிச்சு சிம் வாங்குனவங்க நாங்க.

"மே மாசம் லீவுல மாத்துவோம். ரெண்டு ரூட்டுக்கு மட்டும் போட்டு, பழசையும் பக்கத்துலயே ஓட விட்டுப் பாப்போம்"னேன். அவன் கேக்கலை. சரி, ஓட்டெடுப்பு. நான் வேண்டாம், அவன் வேணும். சங்கிலி வடையைப் பாத்துக்கிட்டு இருந்தான். அவனைக் கவுக்கத்தான் பிரிட்டோ வெயிலுமுத்து அண்ணனைக் கூட்டிட்டு வந்தான்.

வெயிலுமுத்து அண்ணன் எங்களுக்கு அஞ்சு வருசம் சீனியர். சென்னைல ஆர்க்கிடெக்ட். வீடு கட்டுற ஆர்க்கிடெக்ட் இல்ல, சாஃப்ட்வேர்ல. இப்ப பேரு வியான். அப்பா அம்மா வச்ச பேரு பழைய வெர்ஷனாம். ஏதோ சர்ட்டிபிகேட் வாங்க வந்தவரு, அஞ்சு அம்பது ட்ரெயினுக்கு நேரம் இருக்குன்னு கேன்டீன்ல உக்காந்தாரு. கையில பழுப்புக் கவர் ஒண்ணு.

"புது டெக்னாலஜிக்கு எப்ப மாறணும்னு கேக்குறீங்க"ன்னு ஆரம்பிச்சாரு. "கேள்வியே தப்பு தம்பி. கேக்குற நேரத்துல மாறிரலாம்."

"சரிண்ணே, நீங்க எப்ப மாறுனீங்க?"ன்னு பிரிட்டோ எடுத்துக் குடுத்தான். சாமியாட்டத்துக்கு உடுக்கை அடிக்கிற மாதிரி.

"நான் வேலைக்குச் சேந்த மொத வாரம். ஒரு ஜவுளிக் கம்பெனி சாஃப்ட்வேர், பதினெட்டு வருசப் பழசு. திறந்தா கீபோர்டுல தூசி விழும். மேனேஜர் வந்து 'மாத்த எத்தனை மாசம் ஆகும்?'னாரு. நான் அப்ப மெஸ்ஸுல இலைல உக்காந்துருக்கேன். சாம்பார் ஊத்துறாங்க. 'சார், ரசம் வரட்டும்'னேன். வலது கை பிசையுது, இடது கை டைப் அடிக்குது. சாம்பார் ஊத்தும்போது பழைய சாஃப்ட்வேர். ரசம் ஊத்தும்போது புதுசு."

"மோருக்கு?"ன்னு கேட்டேன்.

"மோருக்கு டெஸ்டிங்."

முகத்துல ஒரு சுருக்கம் விழணுமே. விழலை.

"அதுக்கப்புறம் அந்த வேகம் இருக்கே"ன்னாரு. "பட்டனை அழுத்துறதுக்கு முன்னாடியே பக்கம் திறக்கும். ஈரோட்டுல ஒரு அம்மா, பச்சைச் சேலை எடுக்கலாமான்னு யோசிச்சுக்கிட்டே படி ஏறுது. வாசல்ல பார்சல் கெடக்கு. பச்சை. இன்னொருத்தர் ஆர்டரே போடலை, அளவு சரியில்லைன்னு திருப்பி அனுப்பிட்டாரு."

"ஆர்டர் போடாததை எப்படிண்ணே திருப்பி அனுப்புவாரு?"

"அவ்வளவு வேகம்மா. கொஞ்சம் பொறுத்திருந்தா ஆர்டர் போட்டுருப்பாரு."

பிரிட்டோ என்னைப் பாத்தான், 'கேட்டியா'ங்கிற மாதிரி. நான் சங்கிலியைப் பாத்தேன். சங்கிலி வடையோட ஓட்டைக்குள்ள சட்னி ஊத்திக்கிட்டு இருந்தான். அவன் ஓட்டு எந்தப் பக்கம்னு அந்த வடைக்குத்தான் தெரியும்.

"எங்க பிரச்சனை வேறண்ணே"ன்னேன். "ஃப்ளிங்கோ வந்து மூணு வாரம்தான் ஆகுது. அதுல என்ன ஓட்டை இருக்குன்னு இன்னும் யாருக்கும் தெரியாது."

அவர் என்னை ரொம்பப் பாவமாப் பாத்தாரு. பிளஸ் டூல ஃபெயிலான பிள்ளையைச் சொந்தக்காரங்க பாப்பாங்களே, அந்தப் பார்வை.

"மூணு வாரமா? அது கெழடு ஆயிருக்குமேம்மா. ஒரு டெக்னாலஜி வெளியில வந்த பிறகு அதை எடுத்துக்கிறவன் வாடிக்கையாளன். வர்றதுக்கு முன்னாடி எடுத்துக்கிறவன்தான் இன்ஜினியர். ஃபின்லாந்துல ஒரு கம்பெனி, பேரு சொல்ல மாட்டேன், அவங்க நாலாவது வெர்ஷன் விட்டப்ப என் மெஷின்ல ஒம்போது ஓடுது. அங்க இருந்து போன் பண்றாங்க. 'அண்ணே, நாங்க அஞ்சே இன்னும் எழுதி முடிக்கலை, நீங்க எப்படி ஒம்போதைப் போட்டீங்க?'ன்னு."

"ஃபின்லாந்துக்காரங்க அண்ணேன்னா கூப்பிட்டாங்க?"

"அழுதுக்கிட்டே கூப்பிட்டாங்க. அழுகைக்கு என்னம்மா மொழி."

"அப்புறம்?"

"பாவமா இருந்துச்சு. என் ஒம்போதைப் பாத்து அஞ்சை எழுதிக்கோங்கன்னு அனுப்பி வச்சேன். ஆனா ஆறை மட்டும் தொடாதீங்க, அதுல ஒரு பிழை இருக்குன்னும் சொல்லி வச்சேன். ஆறு வந்தப்ப உலகமே திட்டுச்சு. எனக்கு முன்னாடியே தெரியும்."

"அப்ப ஃப்ளிங்கோவுல என்ன பிழை இருக்குன்னும் தெரிஞ்சிருக்குமே"ன்னேன்.

"அதை நான் விட்டே ரொம்ப நாளாச்சும்மா."

மூணு வாரம் முன்னாடி வந்ததை விட்டு ரொம்ப நாளாச்சாம். பக்கத்து டேபிள்ல மெக்கானிக்கல் பசங்க பஜ்ஜியைக் கீழ வச்சுட்டுத் திரும்பி உக்காந்துட்டாங்க. கூட்டம் கூடுனதும் அண்ணனுக்கு இன்னும் ஏறிருச்சு.

"அப்புறம் எனக்கு நாப்பது பேர் டீம் குடுத்தாங்க. அங்க புதுசு வர்ற வேகத்துல, காலைல எழுதுனது மத்தியானம் பழசாயிரும். ஒரு பையன் ஒரு வரி எழுதிட்டு முற்றுப்புள்ளி வைக்கப் போவான். புள்ளி வைக்கிறதுக்குள்ள மொத எழுத்து பழசு. அதனால இருபது பேர் முன்னாடி எழுதிக்கிட்டே போவாங்க. இருபது பேர் பின்னாடியே அழிச்சுக்கிட்டு வருவாங்க."

"எங்க ஊர்லயும் அப்படித்தாண்ணே ரோடு போடுறாங்க. முன்னாடி தார் ஊத்திக்கிட்டே போவாங்க, பின்னாடி குழாய்க்குத் தோண்டிக்கிட்டே வருவாங்க."

"அதே முறைதான்"ன்னாரு, பாராட்டா எடுத்துக்கிட்டு. "ஒருநாள் அழிக்கிற டீம் எழுதுற டீமை விட வேகமாப் போயிருச்சு. எழுதாததையே அழிச்சுட்டாங்க. அவங்களுக்கு ஒரு வாரம் லீவு விட்டோம், எழுதுறவங்க வந்து சேரட்டும்னு."

"சரி, அந்த சாஃப்ட்வேர் எப்பண்ணே ரிலீஸ் ஆச்சு?"

மெக்கானிக்கல் பசங்க கூட மெல்றதை நிறுத்திட்டாங்க. மாட்டுனாரு மனுசன்னு நான் முழங்கையை டேபிள்ல ஊணி உக்காந்தேன்.

"ரிலீஸா?"ன்னாரு, கெட்ட வார்த்தையைக் கேட்ட மாதிரி. "ரிலீஸ் பண்ணா பழசாயிரும்லம்மா."

வேலைக்குப் போய் நாலு வருசம். நாப்பது பேர். ஒண்ணும் வெளிய வரலை. அதையும் ஒரு சாதனை மாதிரி சொல்லிட்டு டீயை உறிஞ்சுறாரு. எனக்குக் கோவம் உச்சிக்கு ஏறுச்சு.

"அண்ணே, எங்க பஸ் அப்படி ஓட முடியாது. திங்கக்கிழமை ஆறேகாலுக்கு விலக்குல நாலு பிள்ளைங்க நிக்கும். அதுங்களுக்கு மெசேஜ் போகணும். பழசா, புதுசாங்கிறதெல்லாம் அதுங்களுக்குத் தேவையில்ல."

"ஆறேகாலா? நீ ஃப்ளிங்கோ போடு, அஞ்சரைக்கே போயிரும்."

"பஸ்ஸே ஆறு மணிக்குத்தாண்ணே கெளம்பும்."

"அதாம்மா டெக்னாலஜி. எங்க ஆபீஸ்ல எல்லாம் ரொம்ப முன்னாடி ஓடுனதால நாளே கலங்கிப் போச்சு. வெள்ளிக்கிழமை வர வேண்டிய பிழையை வியாழக்கிழமையே சரி பண்ணிருவோம். அதனால அந்தப் பிழை வந்ததே யாருக்கும் தெரியாது. தேதி கிழிக்கிற காலண்டர்ல, நாளைக்கான தாளைக் கிழிச்சா அடியில இன்னைக்கு இருக்கும். டீம்ல ஒரு பையன் பொண்ணு பாக்கக் கெளம்பிக்கிட்டு இருக்கான், மொத வருசக் கல்யாண நாள் வாழ்த்து வந்துருச்சு."

"பொண்ணு பேரு போட்டுருந்துச்சா?"ன்னு மெக்கானிக்கல் பையன் ஒருத்தன் கேட்டான்.

"அடுத்த வெர்ஷன்ல வரும்னு போட்டுருந்துச்சு."

பசங்க டேபிளைத் தட்டிச் சிரிச்சாங்க. பிரிட்டோ சிரிக்கலை. அவன் தன் லேப்டாப்பைத் திறந்து, எங்க பழைய புரோகிராம் மொத்தத்தையும் செலக்ட் பண்ணி வச்சிருந்தான். அழிக்கிற பட்டன் மேல விரல். சங்கிலி தலையசைச்சாப் போதும், ரெண்டுக்கு ஒண்ணு. மூணு மாச வேலை போயிரும்.

எனக்குக் கோவம் போயி பயம் வந்துருச்சு. அதை மறைக்கத்தான் கேட்டேன்.

"இவ்வளவு பெரிய ஆளு, வெள்ளிக்கிழமை ஆபீஸ் நாள்ல இங்க எப்படிண்ணே?"

அவர் அந்தப் பழுப்புக் கவரை டேபிளுக்கு அடியில தள்ளுனாரு. ஆனா வாயி அடங்கலை.

"அதுதான் உச்சம்மா. கடைசியா ஒரு சாஃப்ட்வேர் பண்ணோம். எது பழசோ அதை அதுவே கண்டுபிடிச்சு மாத்திரும். மொத நாள் கம்ப்யூட்டரை மாத்துச்சு. ரெண்டாம் நாள் ஏசியை மாத்துச்சு. மூணாம் நாள் மேனேஜரை மாத்துச்சு, புது மேனேஜர் உக்கார்றதுக்குள்ள அவரையும் மாத்துச்சு. நாலாம் நாள் என்னைப் பாத்துச்சு."

"தூக்கிருச்சா?"

"தூக்கலை"ன்னாரு, ரொம்ப மரியாதையா. "ரோல்பேக் பண்ணுச்சு."

தெரியாதவங்களுக்குச் சொல்றேன். ரோல்பேக்னா, புதுசு சரிப்பட்டு வரலைன்னா பழைய நிலைமைக்கே திருப்பிக் கொண்டு போய் வைக்கிறது.

"அதான் காலேஜுல கெடக்கீங்க"ன்னேன்.

"தற்காலிகம்மா."

அந்த நேரம் பாத்து, சங்கிலி மடில இருந்த பட்டன் போன் அடிச்சது. ஒரு ரிங்கு. நின்னுருச்சு.

அடுத்த நொடி கேன்டீன் முழுக்கப் போனுங்க குய்ங் குய்ங்னு கத்துச்சு. உக்காந்துருந்த நாப்பது பேரும் ஒரே நேரத்துல எந்திரிச்சாங்க. மெக்கானிக்கல் பசங்களும் பையை மாட்டிக்கிட்டு எந்திரிச்சாங்க.

வெயிலுமுத்து அண்ணன் சுத்திப் பாத்தாரு. கண்ணு கலங்கிருச்சு. ரெண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாரு.

"இருக்கட்டும், இருக்கட்டும், உக்காருங்க. நான் பெருசா ஒண்ணும் சொல்லிரலை."

"அண்ணே, அவங்க உங்களுக்காக எந்திரிக்கலை"ன்னேன். "ஏழாம் நம்பர் பஸ் பக்கத்துப் பாலிடெக்னிக் ஸ்டாப்பை விட்டுக் கெளம்பிருச்சு. அஞ்சு நிமிசத்துல நம்ம கேட்டுக்கு வரும். சாத்தூர் ஸ்டேஷனுக்கு இதான் கடைசி பஸ். உங்களுக்கு அஞ்சு அம்பதுக்கு ட்ரெயின்னு சொன்னீங்க, கெளம்புங்க."

சத்தியமா நல்ல மனசோடதான் சொன்னேன். கோவம் வேற, பஸ் வேற.

"யாரு சொன்னா அஞ்சு நிமிசம்னு?"

"சமுத்திரம் டிரைவர்."

"நாலாம் நம்பர் இல்லாத போன்ல இருந்தா?" பிரிட்டோ சொல்லி வச்சிருக்கான். அண்ணன் சிரிச்சாரு. "மிஸ்டு காலை நம்பி எந்திரிக்கிற ஆளாம்மா நான்? இரு, பஸ் எங்க நிக்குதுன்னு என் போன்ல காட்டுறேன். இதுல போட்டுருக்கிற சிஸ்டம் உலகத்துலயே எனக்கு மட்டும்தான் இருக்கு. இன்னும் ரிலீஸே ஆகலை."

எடுத்தாரு. திரை கறுப்பா வந்துச்சு. நடுவுல ஒரு வட்டம் சுத்துச்சு. அடியில எழுத்து: 'புதுப்பிக்கப்படுகிறது. அணைக்க வேண்டாம். 2%.'

"ரெண்டே நிமிசம்"ன்னாரு. "இது வந்துருச்சுன்னா டிரைவர் சட்டைப்பையில என்ன இருக்குன்னு கூடக் காட்டும்."

3%. ஹாஸ்டல்ல தங்குற எங்க மூணு பேரையும் அவரையும் விட்டுட்டு கேன்டீன் காலியாயிருச்சு. 3%. ஈ ஒண்ணு அவர் டீ கிளாஸ் விளிம்புல நடந்துச்சு. 4%. வெளிய ஹார்ன் சத்தம் கேட்டுச்சு. சமுத்திரம் டிரைவர் ஹார்னு, எருமை தும்முன மாதிரி இருக்கும், மாறவே மாறாது.

"அண்ணே, ஓடுங்க"ன்னு பிரிட்டோவே சொன்னான்.

"இரு தம்பி, ஏழு வந்துருச்சு."

பஸ்ஸுன்னு நெனச்சு எட்டிப் பாத்தான் பாவம். சதவீதம்.

கதவு அடிக்கிற சத்தம். கியர் போடுற சத்தம். சன்னல் வழியா செம்மண் புழுதி வந்து மிச்சமிருந்த டீல எறங்குச்சு. 11%.

"போயிருச்சா?"ன்னாரு.

பதிலைப் பட்டன் போன்தான் சொல்லுச்சு. நம்ம கேட்டை விட்டுக் கெளம்புனதுக்கு ஒரு ரிங்கு.

பிரிட்டோ விரலைப் பட்டன்ல இருந்து எடுத்தான். லேப்டாப்பை மூடுனான். "நான் பழசுக்கே போடுறேன் என் ஓட்டை"ன்னான், யாரையும் பாக்காம. அவனை அன்னைக்கு மட்டும் திட்டாம விட்டேன். அது எனக்குப் பெரிய விஷயம்.

திங்கக்கிழமை பதினாலு பஸ்ஸுக்கும் மெசேஜ் சரியாப் போச்சு. எங்க விலக்கு ரூட்டு பஸ் காலைல மூணு ரிங்கு, பஞ்சர். அந்த நாலு பிள்ளைங்களும் மெசேஜைப் பாத்துட்டு வீட்லயே இருந்து இன்னொரு ரெண்டு இட்லி தின்னுட்டு வந்துச்சுங்க. ட்ரான்ஸ்போர்ட் ஆபீசர் எங்க பட்டன் போனுக்குப் புது ரப்பர் பேண்டு போட்டாரு. எங்க காலேஜ் ஏத்துக்கிட்ட புது டெக்னாலஜி இந்த வருசம் அது ஒண்ணுதான்.

வெள்ளிக்கிழமைக்கு வர்றேன். அண்ணன் போனைக் கவுத்தி வச்சாரு. கவரை எடுத்துக் கக்கத்துல வச்சாரு. எங்க மூணு பேர்ல, அதுவரைக்கும் அவரை எதுவும் கேக்காத ஒரே ஆளு சங்கிலிங்கிறதால அவன்கிட்டத் திரும்புனாரு.

"தம்பி, அடுத்த பஸ் எப்ப?"

சங்கிலி கடைசித் துண்டு வடையை முழுங்குனான். தண்ணி குடிச்சான். அந்த வருசத்துக்கான மூணாவது வாக்கியத்தைத் திறந்தான்.

"திங்கக்கிழமை காலைலண்ணே, ஆனா நீங்கதான் இன்னும் வராததுலயே ஏறுவீங்களே, இப்பவே போய் ஏறி உக்காந்துக்கோங்க."